ஐந்தாம் எண் கேள்வி

நாடாளுமன்றத்துக்குப் போவதற்கு முன் கம்சானி இருபத்திரண்டு வருடம் தபால்காரராக இருந்தார். செராயா ஆற்றின் இரண்டு கரைகளிலும் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் கதவிடுக்கில் செருகினால் கடிதம் மழையில் நனையும், எந்தப் பெரியவருக்குக் கடிதத்தைப் படித்தும் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பதிவுத் தபாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் அவரிடம் இருந்ததில்லை. வாங்க வேண்டியவர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வருவார். ஆள் இல்லை என்றால் மறுநாள் போவார். அப்போதும் இல்லை என்றால் அதற்கடுத்த நாளும் போவார்.

எதிர்க்கட்சிக்கு எங்கள் தொகுதியில் வேட்பாளரே கிடைக்காத ஒரு தேர்தலில், பேருக்கு ஒருவர் வேண்டும் என்று அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஜெயித்துவிட்டார். முடிவைச் சொன்னபோது, "எண்ணுனதுல எங்கயாவது தப்பிருக்கும், இன்னொரு தரம் பாக்கச் சொல்லுங்க" என்று தன் கட்சிக்காரர்களிடமே சொன்னாராம். அதை அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த மாதம் நான் அவருடைய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. மக்கள் சொல்வதைக் கேட்டு மனுவாக எழுதுவதும், அவர் கேட்க விரும்புவதை நாடாளுமன்றக் கேள்வியாகத் தட்டச்சு செய்வதும் என் வேலை. மக்கள் பிரதிநிதி யாராக இருந்தாலும் இங்கே ஒய்பி என்றுதான் கூப்பிடுவோம். அவரை அப்படிக் கூப்பிட்ட முதல் நாள் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வந்திருக்கிறார் என்று.

சபையில் அவர் பெரிய பேச்சாளர் இல்லை. குரல் உயர்த்தத் தெரியாது. ஆளும் கட்சி வரிசையில் டத்தோ பட்டம் வாங்கிய ஜஸ்னி என்று ஒருவர் இருந்தார். கம்சானி எழுந்தாலே, "தபால்காரரே, இன்னிக்கு யார் வீட்டு லெட்டரு?" என்று கத்துவார்.

"உங்க வீட்டுக்குத்தான் டத்தோ. பதிவுத் தபாலு. கதவத் திறந்தாத்தான கொடுக்க முடியும்?" என்பார் கம்சானி.

சபையே சிரிக்கும். ஜஸ்னியும் சிரிப்பார். வெளியே சிற்றுண்டிச்சாலையில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காப்பி குடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வருடம் நவம்பர் மாதம், எங்கள் தொகுதியில் உள்ள உலு செராயா கிராமத்தில் தொங்குபாலம் அறுந்தது.

அந்தப் பாலத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் அக்கரையில். பிள்ளைகள் எல்லாரும் அதன் மேல்தான் போக வேண்டும். ஆறு மாதம் முன்பு பழுதுபார்ப்பைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆட்கள் வந்தார்கள். நாலைந்து பலகை மாற்றி, கம்பிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். வேலை திருப்திகரமாக முடிந்தது என்று ஒரு சான்றிதழும் வந்தது. பெயிண்டுக்கு உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது. மழைநாள் காலையில் மூன்று பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பக்கக் கம்பி விட்டுப்போனது. இரண்டு பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள். டாமியா என்ற பதினோரு வயதுப் பெண் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கீழே மணல்திட்டில் கிடைத்தாள்.

அவளுடைய அம்மா கல்சோம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை செய்கிறவர். மீ நூடுல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அடுப்பை அணைக்காமல் ஓடி ஆற்றில் குதித்தார். தண்ணீருக்குள் கிடந்த கம்பி அவர் வலது பாதத்தைக் கிழித்தது. இனிப்பு நீர் வியாதி உள்ள உடம்பு. புண் ஆறவே இல்லை.

கம்சானி அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கினார். வந்த நகலில் எல்லாம் இருந்தது. அடியில், கையெழுத்து இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பாரு ஷாமினி" என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இருபத்திரண்டு வருஷம் ஊரெல்லாம் கையெழுத்து வாங்குனவன். எங்கிட்டயே கையெழுத்தில்லாத காயிதத்த நீட்டுறாங்க."

அவர் கேட்க விரும்பியது ஒரே கேள்வி. பாலத்தைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் யார்?

கேட்பது சுலபமில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் நூற்றுக்கணக்கான கேள்விகள் போகும். எது எந்த நாள், எத்தனையாவது என்பது குலுக்கலில் விழும். காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரைதான் நேரம். அதற்குள் ஏழு கேள்வி, மிஞ்சிப்போனால் எட்டுதான் எடுப்பார்கள். மற்றவற்றுக்குப் பதில் தாளில் வரும். முதல் தடவை எங்கள் கேள்வி நாற்பத்து மூன்றாவதாக விழுந்தது. அடுத்த தடவை ஐம்பத்தெட்டு. இரண்டுக்கும் ஒரே பதில்: விஷயம் அமைச்சின் கவனத்தில் உள்ளது.

மூன்றாவது தடவை, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு, ஐந்தாவதாக விழுந்தது.

பட்டியலை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். எண்ணின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கல்சோமுக்கு ஃபோன் போட்டார்.

"கல்சோம், இந்தத் தடவ வாயால கேக்கறேன். மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லியாகணும். அவரு முடிச்சதும் எனக்குத் துணைக்கேள்வி ஒண்ணு உண்டு. அதுல பிள்ளையோட பேரச் சொல்லுவேன். எழுத்துக் கேள்வில ஆளோட பேரு போட விடமாட்டாங்க. வாயால சொன்னா அப்படியே பதிவாயிடும். நூறு வருஷம் கழிச்சும் இருக்கும்."

மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கம்சானி மட்டும், "வாங்க, வாங்க. பார்வையாளர் மாடத்துல உக்காந்து உங்க காதால கேளுங்க" என்றார்.

கல்சோம் விடியற்காலைப் பேருந்தில் வந்தார். ஐந்து மணி நேரப் பயணம். நாடாளுமன்ற வாசலில் அவருக்காக நான் காத்திருந்தேன். நல்ல நீல நிற பாஜு கூரோங் உடை, இஸ்திரி போட்ட முக்காடு. கையில் வாழையிலையில் கட்டிய, புலுட் என்ற பசையரிசிச் சோற்றுப் பொட்டலம். வலது பாதம் முழுக்கக் கட்டு. இரண்டு காலிலும் ரப்பர் சிலிப்பர்.

காவலர் தலையை ஆட்டினார். "அக்கா, சிலிப்பரோட உள்ள விட முடியாதுக்கா. பலகைலயே எழுதியிருக்கு பாருங்க."

"காலப் பாருங்க தம்பி. இதுல எந்த ஷூ நுழையும்?"

"புரியுதுக்கா. எங்கம்மாவுக்கும் இதே இனிப்பு நீருதான். ஆனா தலைக்கு மேல கேமரா இருக்கே."

"சும்மா ரெண்டு மணி நேரம்தான் தம்பி. யாரையும் மிதிச்சிட மாட்டேன்."

காவலர் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. வைத்தியக் காரணத்துக்கு ஒரு சிறப்பு அனுமதிச் சீட்டு இருப்பதாகவும், அழைத்த உறுப்பினர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

"நான் அவரோட அலுவலகத்துலதான் வேலை பாக்கறேன். நான் போடலாமா?" என்று கேட்டேன்.

"நீங்க ஒய்பியா?"

மணி பத்து இருபத்தைந்து. சபை நடவடிக்கை நேரலையில் வரும். "அக்கா, அந்த மரத்தடியில உக்காந்து என் ஃபோன்ல பாத்துடலாமா?" என்றேன்.

"பாக்கலாம் தங்கச்சி. எனக்குக் காதுல விழுந்தாப் போதும்" என்று அவர் உடனே மரத்தடியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாடத்தில் அவரைக் காணாமல் கம்சானி தேடுவார் என்று நினைத்து, விஷயத்தை ஒரு செய்தியாக அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஃபோன் அடித்தது. சபைக்கு வெளியே நடைவழியில் நின்று பேசினார்.

"மரத்தடியிலயா? ஆத்துல எறங்குன காலு அது. அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்திருக்காங்க. வாசலோட உக்கார வைக்கச் சொல்றியா? நான் வரேன்."

"ஒய்பி, கேள்வி..."

"இப்பத்தான் மூணாவதுக்கு மந்திரி எழுந்திருக்காரு. நாலாவது ஜஸ்னியோடது. அவரு கேட்டா, மந்திரி எல்லாரையும் தூங்க வைக்கிற வரைக்கும் பேசுவாரு. நேரம் இருக்குதில்ல?"

"இருக்கு ஒய்பி. இருபது நிமிஷமே இருக்கும்" என்று நான் சொன்னேன்.

நடைவழியில் என்ன நடந்தது என்பதைப் பிறகு அவரே சொன்னார். ஜஸ்னி எதிரே காப்பிக் கோப்பையோடு வந்திருக்கிறார்.

"எங்க இந்த ஓட்டம், போஸ்ட்மேன்?"

"வாசலுக்கு, டத்தோ. ஒரு கையெழுத்து. உங்க கேள்வி முடியறதுக்குள்ள வந்துடுவேன்."

"மெதுவாப் போங்க. வயசான காலத்துல விழுந்து வைக்காதீங்க" என்று ஜஸ்னி தோளில் தட்டி அனுப்பியிருக்கிறார்.

சரிவுப் பாதையில் கம்சானி வருவது வாசலிலிருந்தே தெரிந்தது. தன்னிடமிருந்த ஒரே கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தார். கல்சோமைப் பார்த்ததும் மூச்சு வாங்கியபடி, "சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"எனக்காக ஏண்ணே ஓடி வரீங்க?"

"பழகுன காலுதான."

சீட்டு மூன்று நகல். மூன்றிலும் பெயர், தொகுதி, நேரம், கையெழுத்து. காவலரின் பேனா எழுதவில்லை. கம்சானி தன் பேனாவை எடுத்தார். நேரம் என்ற கட்டத்தில் 10.48 என்று எழுதியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே, ஜஸ்னி இருக்கையில் இல்லை. மூன்றாவது கேள்வி சீக்கிரமே முடிந்துவிட்டது. சபாநாயகர் நான்காவதைக் கூப்பிட்டார், ஆள் இல்லை. ஐந்தாவதைக் கூப்பிட்டார். எங்கள் கட்சியைச் சேர்ந்த, பக்கத்து இருக்கை உறுப்பினர் லாய் துள்ளி எழுந்து, "அவருக்குப் பதிலா நான் கேக்கறேன்" என்றாராம்.

"அதிகாரம் கொடுத்து எழுதிக் கொடுத்திருக்காரா?" என்று சபாநாயகர் கேட்டாராம்.

எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று போனவர் எதை எழுதிக் கொடுப்பார்? சபாநாயகர் ஆறாவதைக் கூப்பிட்டார். அச்சான நடவடிக்கைக் குறிப்பில் அந்த இடத்தின் நேரம் 10.47 என்று இருக்கிறது.

எங்களுக்கு எதுவும் தெரியாது. கல்சோமால் வேகமாக நடக்க முடியவில்லை. கம்சானி அவருடைய பையையும் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, காவலரிடம் வாங்கிய குடையை அவருக்குப் பிடித்தபடி, அவர் நடைக்கு ஏற்ப நடந்தார். படிக்கட்டுக்குக் கீழே எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுச் சபைக்குள் போனார்.

நாங்கள் மாடத்தில் உட்கார்ந்தபோது யாரோ மீன்பிடிப் படகுகளுக்கான உரிமம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டியலைப் பார்த்தேன். அது ஆறாவது கேள்வி. கீழே கம்சானி தன் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லாய் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். கம்சானி மெதுவாக உட்கார்ந்தார். மாடத்தைப் பார்க்கவில்லை.

கல்சோம் பட்டியலில் ஐந்து என்ற எண்ணின் மேல் விரலை வைத்திருந்தார்.

"இப்ப எத்தனாவது தங்கச்சி?"

மாடத்தில் பேசக் கூடாது என்ற விதி அப்போது எனக்கு உதவியாக இருந்தது.

"அது அண்ணன்தான? ஏன் தலையக் குனிஞ்சுகிட்டே இருக்காரு?"

ஏழாவது கேள்வி போனது. பதினொன்று இருபதுக்கு மேல் கம்சானி எழுந்து நின்றார். "சபாநாயகர் அவர்களே, என் கேள்வி ஐந்தாவது. அந்தப் பிள்ளையின் அம்மாவை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்தேன். தயவுசெய்து ஒரு நிமிடம் கொடுங்கள்" என்றார். இப்போது நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பக்கத்தைப் படிக்கிறபோதும் அவர் குரல் எனக்குக் கேட்கிறது.

"மாண்புமிகு உறுப்பினர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். உட்காருங்கள்."

அதற்குள் ஜஸ்னி இருக்கைக்குத் திரும்பியிருந்தார். "போஸ்ட்மேன் வெளிய தபால் கொடுக்கப் போயிட்டாரு, சபாநாயகரே! ஆள் இல்லன்னா மறுநாள் வருவாரு!" என்றார்.

சபை சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தினமும் சிரிக்கிற சிரிப்புதான்.

கல்சோமின் விரல் பட்டியலிலிருந்து எழுந்தது. "யாரச் சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார். பிறகு கீழே பார்த்தார். பட்டியலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சிற்றுண்டிச்சாலையில் கம்சானி எங்கள் எதிரே உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். தானே சொல்ல வேண்டும் என்று தொடங்கினார். "கல்சோம், நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்த நேரத்துல..."

"தெரியும்ணே."

"எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கணும். லாய் கேட்டிருப்பாரு. ரெண்டு வரி எழுதுற வேல. எனக்குத் தோணல."

"அப்ப அவ பேரு?"

"சொல்லல."

கல்சோம் பொட்டலத்தைப் பிரித்தார். அதில் ஒரு பங்கை கம்சானி முன்னால் வைத்தார், ஒரு பங்கை என் முன்னால். "நான்தான் தப்பு பண்ணிட்டேன். சிலிப்பர வெளிய விட்டுட்டு வெறுங்காலோட வந்திருக்கணும். வெறுங்காலுக்குத் தடையில்லையே. பலகைல சிலிப்பருன்னுதான எழுதியிருந்துச்சு" என்றார்.

கம்சானி புலுட்டைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அப்போது ஜஸ்னி எங்கள் மேசைக்கு வந்தார். கல்சோம் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், முகம் ஒரு மாதிரி இருந்தது. "வயித்த கலக்கிடுச்சு, அதான் வெளிய இருந்தேன். இப்படி ஆகும்னு சத்தியமா நெனைக்கல, கம்சானி" என்றார். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கட்சிக்காரர்கள் பிறகு அதைப் பெரிய சதி என்று பேசச் சொன்னபோது கம்சானி மறுத்துவிட்டார். "எழுந்து போனது நான்" என்றார்.

அன்று மாலையே கேள்வியை மறுபடி தட்டச்சு செய்தோம். அடுத்த கூட்டத்தொடரில் அது முப்பத்தொன்றாவதாக விழுந்தது. பதில் தாளில் வந்தது. இரண்டு வரி. மேற்படி பணி விதிமுறைகளுக்கு ஏற்ப நிறைவேற்றப்பட்டு, பொறுப்பு அதிகாரியால் சான்றளிக்கப்பட்டது. பெயர் இல்லை. அதே மாதம் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. கேள்வியும் அதோடு போனது.

தேர்தல் வேலை தொடங்கியிருந்தது. அன்றைக்கு மூன்று இடத்தில் அவர் பேச வேண்டும். எல்லாவற்றையும் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை உறையில் போட்டுக்கொண்டு உலு செராயாவுக்குப் புறப்பட்டார். அஞ்சலில் அனுப்பலாமே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாலம் இன்னும் கட்டப்படவில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் கரையிலிருந்து படகில் போனோம். அறுந்த கம்பியின் மிச்சம் கரையோரத்து மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைப் பெயிண்ட் இன்னும் புதிதாகவே இருந்தது.

கல்சோம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் முன்பு வலது பாதத்தைப் பாதி எடுத்துவிட்டார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்று கம்சானி ஓடினார். உறையை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். "பதில் வந்திருக்கு."

அவர் பிரித்துப் படித்தார். இரண்டு வரியைப் படிக்க நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

"இதுலயும் கையெழுத்து இல்லையேண்ணே."

"இல்ல."

"இதுக்கு மேல கேக்க முடியாதா?"

"நான் திரும்ப ஜெயிச்சா கேப்பேன்."

இருவருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துக் கணக்குப்படியே அந்தத் தடவை அவர் ஜெயிக்கிற மாதிரி இல்லை. ஜெயிக்கவும் இல்லை.

கல்சோம் தாளை மடித்து உறைக்குள் போட்டார். அந்த வீட்டுக்கு இருபத்திரண்டு வருடம் தபால் கொண்டுவந்தவர் எதிரில் நின்றார். அவர் எதற்காக இன்னும் நிற்கிறார் என்று கல்சோம் யோசித்திருப்பார் போல. கையை நீட்டினார்.

"பேனா கொடுங்கண்ணே. வாங்கிக்கிட்டேன்னு நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

கம்சானி சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். பேனா அங்கேதான் இருந்தது. அவரால் அதை எடுக்க முடியவில்லை. கையை நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்படியே படியில், கல்சோமின் காலுக்குக் கீழ்ப்படியில், உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

கல்சோம் நீட்டிய கையை மடக்கவில்லை.